திருகையைப் பறித்த மடாதிபதி: இங்கிலாந்தில் நான்கு நாள்

ஜூன் 12, புதன். லாக்ஸ்டன்

26 வருடம் பள்ளிக்கூடத்தில் நிலமானிய முறை நடத்தினேன். கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். உச்சியில் அரசர், அடுத்து பிரபுக்கள், அவர்களுக்குக் கீழே குதிரை வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். திருச்சபைக்கு மட்டும் பக்கத்தில் தனியாக ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எங்கே போடுவது என்பதில் எனக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை. இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். லண்டனில் இருக்கும் மகள் டிக்கெட் அனுப்பினாள். "எங்கெல்லாம் போகணும், எழுதி அனுப்பும்மா" என்றாள். நான் அனுப்பிய நான்கு ஊர்களில் மூன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

தேதியும் பார்த்துத்தான் வந்தேன். 1381-ஆம் வருடமும் ஜூன் 12 புதன்கிழமைதான். அந்த வாரத்தில் இங்கிலாந்தின் உழவர்கள் கிளம்பி லண்டனுக்குள் நுழைந்தார்கள். கிழமை மாறாமல் அந்த நாட்களோடு கூடவே நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

கிங்ஸ் கிராஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நியூவார்க், அங்கிருந்து டாக்சி. லாக்ஸ்டன் சின்ன ஊர். ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்வெளிகள்: மேற்கு வெளி, மில் வெளி, தெற்கு வெளி. உள்ளே வேலி கிடையாது. ஒவ்வொரு வெளியும் நீளநீளமான பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருவருக்கு உரிய பட்டைகள் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்காது. மூன்று வெளியிலும் சிதறியிருக்கும். நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து வரவேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. ஒரு வெளியில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு; அடுத்த வருடம் ஒன்று தள்ளி மாறும். வட ஐரோப்பாவின் சமவெளி ஊர்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன. பின்னால் வேலி போட்டுத் தனித்தனிப் பண்ணைகளாக மாற்றியபோது மற்ற ஊர்களில் இது போய்விட்டது. இங்கே மட்டும் ஊர்க்கோர்ட்டோடு சேர்ந்து இன்றும் நடக்கிறது.

தூறலில் குடையோடு நின்றிருந்த என்னை, டிராக்டரில் வந்த ஒரு விவசாயி இறங்கி வந்து விசாரித்தார். எழுபது வயது இருக்கும். நவம்பர் கடைசியில் ஊரார் பன்னிரண்டு பேர் ஜூரியாகக் கூடிக் கோதுமை வெளியை நடந்து பார்ப்பார்களாம். பாதையிலோ பக்கத்துப் பட்டையிலோ யாராவது ஏர் ஓட்டியிருந்தால் எல்லையில் முளைக்குச்சி அடித்துக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஊர் மதுக்கடையான டவ்கோட் இன்னில் கோர்ட் கூடி அபராதம் போடும். "உங்களுக்குப் போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டேன். "எனக்கும் உண்டு, என் அப்பாவுக்கும் உண்டு" என்றார்.

பட்டைகளுக்கு நடுவே உழ முடியாத பள்ளங்களைப் புல்லாகவே விட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் ஆனதால் அந்தப் புல் முழுக்கக் காட்டுப் பூக்கள். குனிந்து மண்ணை எடுத்துப் பார்த்தேன். கனத்த களிமண், செருப்பை விடவில்லை. எட்டு மாட்டு ஏர் என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன் எட்டு மாடு என்று இன்றைக்குத்தான் காலுக்குத் தெரிந்தது.

இந்த மண்ணில் உழுதவனுடைய கணக்கு இது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லாத வேலை. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்று வருவது இதுபோன்ற வேலைதான். அறுவடையில் கூடுதல் நாட்கள். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம். அவன் செத்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. அடுத்த நல்ல மாடு கோயிலுக்கு என்று பல ஊர்களில் வழக்கம். இது போக விளைச்சலில் தசமபாகம்: வயலிலேயே பத்தாவது கதிர்க்கட்டை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். கோதுமையோடு நிற்காது, ஆட்டுக்குட்டி, கம்பளி, முட்டை, தேன் வரைக்கும் பத்தில் ஒன்று.

ஊர்க் கோயிலுக்குப் போனேன். தூய மிக்கேலின் கோயில். பழைய பிரபுக் குடும்பமான எவரிங்ஹாம்களின் கல்லறைச் சிலைகள் உள்ளே இருக்கின்றன. அதில் ஒரு பெண்மணியின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது. முகம் தேய்ந்துவிட்டது, உடையின் மடிப்பு இன்னும் தெரிகிறது. பிரபுவின் குடும்பத்துக்குச் சிலை வைத்த இடத்திலிருந்து வெளியே வந்தால் கல்லறைத் தோட்டம். அங்கே அந்தக் காலத்து உழவன் ஒருவனுக்கும் அடையாளம் இல்லை. கோட்டை இருந்த மேட்டில் ஏறினேன். கட்டடம் ஏதும் மிச்சமில்லை. மண்மேடு மட்டும், அப்படியே.

ஜூன் 13, வியாழன். பீட்டர்பரோ

இன்று சுருக்கமாக எழுதுகிறேன், காலெல்லாம் வலி.

பீட்டர்பரோ பேராலயம் முன்பு ஒரு பெனடிக்டின் மடம். 1066-இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தபின், 1070-இல் டூரால்ட் என்ற நார்மன் துறவியை இங்கே மடாதிபதியாகப் போட்டார்கள். அவர் 160 ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து இறங்கினார். அரசருக்கு இந்த மடம் தரவேண்டிய கடமை 60 குதிரை வீரர்கள். இங்கிலாந்தின் மடங்களிலேயே இதுதான் அதிகம். ஜெபம் செய்யும் துறவிகளிடம் 60 வீரர்கள் ஏது? மடத்து நிலத்தை எடுத்து வீரர்களுக்கு மானியமாகக் கொடுத்தார்கள். நிலம் வாங்கியவன் போருக்குப் போக வேண்டும். ஆக மடாதிபதி அரசருக்குக் கீழே ஒரு பிரபு, வீரர்களுக்கு மேலே ஒரு பிரபு. என் பெட்டி இங்கேயே முக்கோணத்துக்குள் போய்விட்டது.

மடத்தின் கட்டுப்பாட்டில் பார்னாக் என்ற ஊரில் கல் குவாரி இருந்தது. ராம்சே மடத்துக்காரர்கள் அங்கே கல் எடுத்துக்கொள்ள, வருடா வருடம் தவக்காலத்தில் 4,000 விலாங்கு மீன் கொடுத்தார்கள். தவக்காலத்தில் இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். சதுப்பு நிலத்தில் விலாங்குக்குப் பஞ்சமில்லை. இத்தனை பெரிய சுவர்கள் மீனுக்கு மாற்றிய கல்லில் எழுந்தவை என்று நினைக்கும்போது அந்தக் காலம் சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறது.

நடுமண்டபத்தின் மரக் கூரை 13-ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டியது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அரசர்கள், ஆயர்கள், புனிதர்கள், நடுவே ஆட்டின் மேல் திரும்பி உட்கார்ந்து கையில் ஆந்தையோடு போகும் ஒரு குரங்கு. அதைக் கண்டுபிடித்தபோது பக்கத்தில் நின்ற குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரவு மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். 1381-இல் இதே வியாழன், நற்கருணைத் திருநாள். கிழக்கே எசெக்ஸிலிருந்தும் தெற்கே கென்டிலிருந்தும் வந்த கூட்டம் லண்டனுக்குள் நுழைந்தது.

ஜூன் 14, வெள்ளி. கிரெஸ்ஸிங் டெம்பிள்

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து எசெக்ஸ் பக்கம் ஒரு மணி நேரத்துக்குள். நிலையத்திலிருந்து பேருந்து என்று நினைத்தேன். கண் முன்னாலேயே போய்விட்டது. அப்புறம் டாக்சி.

1137-இல் மட்டில்டா அரசி இந்த மேனரை, அதாவது குடியானவர்களோடு சேர்ந்த பிரபுவின் பண்ணையை, டெம்ப்ளர் வீரத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். சிலுவைப் போருக்குப் பணமும் குதிரையும் அனுப்ப இங்கே விவசாயம் நடந்தது. எருசலேமில் நடந்த போருக்கு எசெக்ஸ் உழவன் வாற்கோதுமை அறுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு களஞ்சியங்கள் நிற்கின்றன, வாற்கோதுமைக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று. இரண்டும் 13-ஆம் நூற்றாண்டு. வாற்கோதுமைக் களஞ்சியம் மூத்தது. உள்ளே நுழைந்ததும் கோயிலுக்குள் வந்த மாதிரிதான் இருந்தது. நடுவில் அகலமான வழி, இரண்டு பக்கமும் ஓக் தூண்கள், தூணுக்கு அப்பால் தாழ்வாரம். நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியிருப்பார்கள். சட்டகத்தில் இணைப்புகள் மரத்தோடு மரம் கோத்தவை. ஒரு தூணில் கையை வைத்தேன். வாய்ச்சி செதுக்கிய வரிகள் விரலில் தட்டுப்பட்டன. தச்சு வேலை தெரிந்த என் சின்ன மாமா இதைப் பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் தொண்டையை அடைத்தது. இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்றால், இவ்வளவு தானியம் உள்ளே வந்தது என்பதுதான் பதில். வந்தது எங்கிருந்து? 1185-இல் டெம்ப்ளர்கள் தங்கள் நிலங்களைக் கணக்கெடுத்தார்கள். குடியானவன் பெயர், நிலம், வாடகை, செய்ய வேண்டிய வேலை என்று வரிசையாக எழுதினார்கள். அப்படி எழுதிய ஏடுகள்தான் ஒவ்வொரு மேனரிலும் உழவனின் கழுத்தில் கிடந்த கயிறு. "உன் தாத்தா எங்கள் பண்ணையாள், ஆகவே நீயும்" என்று சொல்ல அந்த ஏடு போதும்.

1312-இல் டெம்ப்ளர் சபையைப் போப் கலைத்தபின், இந்தச் சொத்து ஹாஸ்பிடலர் என்ற இன்னொரு வீரத் துறவிகள் சபைக்குப் போனது. 1381-இல் இங்கிலாந்தில் அந்தச் சபையின் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ். அவரே நாட்டின் பொருளாளர். பிரான்சோடு நடந்த போருக்குத் தலைவரி போட்டிருந்தார்கள். 1377-இல் தலைக்கு 4 பென்ஸ். 1380-இல் 15 வயது தாண்டிய எல்லோருக்கும் 12 பென்ஸ் என்று ஏற்றினார்கள். ஏற்கெனவே கொள்ளைநோயில் ஆள் குறைந்து, உழைக்கிறவனுக்குக் கூலி ஏறும் காலம். ஏறவிடாமல் 1351-இல் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிவைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தின் மேல் இந்த வரி விழுந்தது.

ஜூன் 10 அன்று கூட்டம் இங்கே வந்தது. தலைவரின் வீட்டை இடித்தார்கள், மதுவைக் குடித்தார்கள், ஏடுகளை எரித்தார்கள். களஞ்சியங்கள் நிற்கின்றன. நான்கு நாள் கழித்து, இதே வெள்ளிக்கிழமை, லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து ஹேல்ஸையும் கேன்டர்பரிப் பேராயர் சட்பரியையும் இழுத்து வந்து தலையை வெட்டினார்கள். சட்பரி பேராயர் மட்டுமல்ல, அரசின் தலைமை அமைச்சரும் அவர்தான். அந்தக் கொலையை என்னால் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் திருச்சபையின் தலைவரும் வரி போட்ட அரசும் ஒரே ஆளாக இருந்தால், கோபம் வந்தவன் எதை எங்கே பிரித்துப் பார்ப்பான்?

களஞ்சியத்தின் வாசலில் உட்கார்ந்து மகள் கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டேன்.

ஜூன் 15, சனி. செயின்ட் ஆல்பன்ஸ்

இதற்காகத்தான் வந்தேன்.

லண்டனிலிருந்து இருபது நிமிடம். சனிக்கிழமைச் சந்தை தெரு நீளத்துக்கும் போட்டிருந்தார்கள். ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு பேராலயத்துக்கு நடந்தேன். 1077-இல் கேன் நகரத்துப் பால் என்ற மடாதிபதி, பக்கத்தில் பாழாய்க் கிடந்த வெருலாமியம் என்ற ரோமானிய ஊரின் செங்கல்லைப் பெயர்த்து வந்து கட்டியது. கோபுரம் இன்றும் சிவப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே வடக்கு வரிசைத் தூண்கள் முரட்டு நார்மன் தூண்கள், 13-ஆம் நூற்றாண்டு ஓவியங்களோடு. தெற்கில் பல தூண்கள் மெலிந்து உயர்ந்தவை. 1323-இல் தெற்குப் பக்கம் இரண்டு தூண்கள் சரிந்து விழுந்ததில் திரும்பக் கட்டியது.

அந்த இடிபாடு கிடந்த காலத்தில்தான், 1327-இல், வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் மடாதிபதியானார். கொல்லர் மகன். பத்து வயதில் அப்பா இறந்துபோக, ஊர் மடத்துத் தலைவர் எடுத்து வளர்த்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அவர் காலத்து இங்கிலாந்தில் அவரைவிடப் பெரிய கணித அறிஞர் இல்லை என்றே சொல்லலாம். இங்கே ஒரு வானியல் கடிகாரம் செய்யத் தொடங்கினார். சூரியன், சந்திரன், கிரகணம், லண்டன் பாலத்தில் கடல் ஏற்றம் எல்லாம் காட்டும் கடிகாரம். தொழுநோய் வந்து உடம்பு அழுகும்போதும் விடவில்லை. அரசர் மூன்றாம் எட்வர்டு வந்து, கோயில் இடிந்து கிடக்கையில் இதற்குச் செலவா என்று கடிந்துகொண்டார். கோயிலைப் பின்னால் வருகிறவர்களும் கட்டலாம், இந்தக் கடிகாரத்தை வேறு யாரும் முடிக்க முடியாது என்று பதில் சொன்னாராம். பழைய கடிகாரம் அழிந்துவிட்டது. அவர் எழுதி வைத்ததைப் பார்த்துச் செய்த மறுபதிப்பு உள்ளே நிற்கிறது. பல்சக்கரங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் அடுத்ததைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

ஊரும் மடத்தின் சொத்துதான். ஊரார் தானியத்தை மடத்து மில்லில்தான் அரைக்க வேண்டும். அரைவைக்கு ஒரு பங்கு மடத்துக்கு. ஜனங்கள் வீட்டில் திருகை வைத்து அரைத்துக்கொண்டார்கள். மடத்தின் கண்ணில் அது குற்றம். 1274-இலேயே இதற்காகத் தகராறு. ஊர்ப் பெண்கள் எலினோர் அரசியிடம் முறையிடப் போனார்கள். ரிச்சர்ட் மடாதிபதியாகி, வழக்கில் வென்று, வீடு வீடாகத் திருகைகளைப் பறிமுதல் செய்தார். செய்ததோடு நிற்கவில்லை. பறித்த கற்களை மடத்தின் பேச்சறை வாசலில் தளமாகப் பதித்தார். துறவிகள் வாய் திறந்து பேச அனுமதி உள்ள அறை அது. வாடகை கட்ட, வழக்குச் சொல்ல வரும் குடியானவன் தன் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

திருகை என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா காலை மடக்கி உட்கார்ந்து, இடது கையால் உளுந்தைக் குழியில் போட்டுக்கொண்டே வலது கையால் முளையைப் பிடித்துச் சுற்றுவாள். முளையைப் பிடிக்கும் இடம் வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பு அம்மாவுடைய கை, அவளுக்கு முன்னால் பாட்டியுடைய கை. அதைப் பிடுங்கித் தரையில் பதித்தால் எப்படி இருக்கும்? கொல்லர் மகனுக்கு அது தெரியாமல் இருக்குமா? கடிகாரத்தின் முன்னால் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

ஐம்பது வருடம் அந்தக் கற்கள் அங்கே கிடந்தன. இடையில் 1349-இல் கொள்ளைநோயில் மடாதிபதியும் 47 துறவிகளும் மடத்திலேயே செத்தார்கள். 1381 ஜூன் 15, சனிக்கிழமை, ஊராரின் உரிமைகளைக் கொடுத்துவிடும்படி அரசர் மடாதிபதிக்கு எழுதிய கடிதத்தோடு லண்டனிலிருந்து திரும்பிய ஊரார் வில்லியம் கிரின்ட்காப் தலைமையில் மடத்துக்கு வந்தார்கள். சிறையைத் திறந்தார்கள். மடத்துக் காட்டில் முயல் பிடிக்கத் தடை இருந்ததால், ஓர் உயிருள்ள முயலைத் தண்டனைக் கம்பத்தில் கட்டித் தங்கள் உரிமையைக் காட்டினார்கள். ஆஃபா அரசர் முன்னொரு காலத்தில் ஊருக்குத் தந்த சாசனம் ஒன்று உண்டு, தங்கமும் நீலமுமாக எழுத்து மாறி மாறி இருக்கும், அதைக் கொடு என்று மடாதிபதியைக் கேட்டார்கள். அப்படி ஒன்று மடத்தில் இல்லை. ஆனாலும் அவர்கள் மனதில் அந்த நிறங்கள்கூடத் தெளிவாக இருந்திருக்கின்றன.

அப்புறம் பேச்சறைக்குப் போய், தளத்திலிருந்த கற்களைப் பெயர்த்து வெளியே எடுத்து வந்தார்கள். துண்டு துண்டாக உடைத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார்களே, அதுபோல. அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்களுக்கு நற்கருணை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டரில்தான். வாரா வாரம் கைக்கு வந்தது இந்த அப்பம்தான், நம் ஊர்ப் பிரசாதம் மாதிரி. மடத்தை எதிர்த்து வந்தவர்களின் கை, கல்லைப் பங்கிடும்போது கோயிலில் பழகிய மாதிரியே நீண்டிருக்கிறது.

இது நமக்கு எப்படித் தெரியும் என்றால், தாமஸ் வால்சிங்ஹாம் என்ற இந்த மடத்துத் துறவி எழுதிவைத்தார். கலகக்காரர்களை அவர் வெறுத்தார். வெறுப்போடுதான் எழுதினார். அப்பம் என்ற வார்த்தையை மட்டும் விடாமல் எழுதிவிட்டார்.

கோயிலின் தெற்குப் பக்கம் வெளியே வந்தேன். மடத்தின் உள்முற்றம் இருந்த இடம் இப்போது புல்தரை. கோயில் சுவரில் ஒட்டிய வளைவுகளின் வரிசை மட்டும் மிச்சம். பேச்சறை இருந்த இடத்தைச் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் புல்லில் உட்கார்ந்தேன்.

ஒரு மாதம்தான். ஜூலையில் பதினான்கு வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட் படையோடு வந்தார். கொடுத்த கடிதங்கள் எல்லாம் செல்லாது என்றார்கள். ஜூலை 15 அன்று ஜான் பால் என்ற பாதிரியாரை இந்த ஊரில் தூக்கிலிட்டு, உடலை நான்காக வெட்டினார்கள். ஆதாம் நிலத்தைக் கொத்தி ஏவாள் நூல் நூற்ற காலத்தில் பிரபு என்று யார் இருந்தார் என்று பிரசங்கம் செய்தவர் அவர். அவரும் திருச்சபைதான். என் பெட்டியை முக்கோணத்தின் அடியிலும் ஒரு தடவை வரைந்தாக வேண்டும்.

கிரின்ட்காப்பை ஜாமீனில் விட்டு, மடத்திடம் வாங்கிக்கொண்ட சாசனங்களைத் திருப்பிக் கொடுக்கும்படி ஊரைச் சம்மதிக்க வை என்று அனுப்பினார்கள். அவர் ஊரார் முன்னால் நின்று, எனக்காகப் பார்க்காதீர்கள், உறுதியாக இருங்கள் என்றே சொன்னார். அவரையும் தூக்கிலிட்டார்கள். தொங்கிய உடல்களை ஊரார் இறக்கிப் புதைத்தபோது, இறக்கிய கைகளாலேயே சங்கிலியில் மறுபடி தொங்கவிட வேண்டும் என்று அரசாணை வந்தது. தொங்கவிட்டார்கள். இந்த வரியை வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நான்கு மணிக்குச் சந்தைப் பக்கம் திரும்பினேன். சந்தை நடுவில் ஒரு மணிக்கூண்டு. 1403-க்கும் 1412-க்கும் இடையில் ஊரார் கட்டியது, மடத்தினுடையது அல்ல. அதுவரை மடம் அடித்த மணிதான் ஊருக்கு நேரம். தூக்கில் தொங்கியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, காசு சேர்த்து, மடத்து வாசலுக்கு எதிரே தங்களுக்கென்று ஒரு மணி வைத்துக்கொண்டார்கள். வார இறுதியில் மேலே விடுகிறார்கள். 93 படி, குறுகல், சுழல். பாதி வழியில் பழைய மணி தொங்குகிறது. விளிம்பில் லத்தீனில் பொறித்திருக்கிறது: வானத்திலிருந்து அனுப்பப்பட்ட கபிரியேலின் பெயர் எனக்கு. மணிக்குப் பெயர் வைக்கும்போதும் தேவதூதர் பெயர்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மேலே காற்று. பேராலயக் கோபுரம் நேர் எதிரே, சிவப்பாக. கீழே சந்தைக்காரர்கள் கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். மூடும் நேரமாகிவிட்டது என்று கீழிருந்து குரல் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.